கொடவர் படைக்கல விலக்கு: ஒரு சட்டத்தொடரின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

கருநாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில் கோலார் தங்கவயலும் தென்மேற்கு எல்லையில் குடகும் அமைந்துள்ளன. முன்னது தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர் குடியேறி உருவாக்கிய ஊர். பின்னது காவிரி தோன்றும் மலைநாடு. நிலத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட இவ்விரு பகுதிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஒரே ஆட்சியாளரின் கீழ் இருந்தன. 1831 முதல் 1881 வரை மைசூர் நாட்டை ஆங்கிலேய ஆணையர்கள் ஆண்டனர். 1834-இல் கிழக்கிந்தியக் கம்பெனி குடகைக் கைப்பற்றியபின் அந்நாடும் அவர்தம் பொறுப்பில் வந்தது. அந்த ஆட்சிக்காலத்தில் இரண்டு சிறப்புரிமைகள் வழங்கப்பெற்றன. 1861-இல் குடகு மக்களுக்குப் படைக்கலச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1875-இல் மைக்கேல் லவெல் என்னும் முன்னாள் படைவீரருக்குக் கோலார்ப் பகுதியில் பொன் தேடும் உரிமை அளிக்கப்பட்டது. இரண்டாவது உரிமையின் வழிவந்த சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. முதல் உரிமை பலவாறு திருத்தப்பெற்று இன்றும் நடைமுறையில் உள்ளது.

துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்பது இந்தியக் குடிமக்கள் அனைவர்க்கும் பொதுவான விதி. அவ்விதியினின்று பிறப்பாலும் நிலத்தாலும் ஒரு மக்கட்பிரிவினர் விலக்குப் பெற்றிருப்பது குடகில் மட்டுமே காணத்தக்க நிலையாகும். அந்த விலக்கு இரண்டு தொடர்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஆங்கில அறிவிக்கையில் 'கூர்க் ரேஸ்' சார்ந்த ஒவ்வொருவரும் என ஒரு தொடரும், கூர்க்கிலுள்ள 'ஜம்மா டென்யூர்' உடையார் ஒவ்வொருவரும் என மற்றொரு தொடரும் உள்ளன. இவற்றைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'குடகு இனத்தவர்' என்பதா? 'குடகுச் சாதியினர்' என்பதா? 'குடகு மக்கள்' என்பதா? எந்தச் சொல்லை இடுகிறோமோ அதற்கேற்ப விலக்குப் பெறுவோர் தொகை விரியவும் சுருங்கவும் காண்கிறோம். தங்கவயல் போன்ற பன்மொழிச் சூழலில் கன்னட அரசாணையைத் தமிழில் எடுத்துரைப்போர் அன்றாடம் சந்திக்கும் இடர்களுள் இத்தகையது ஒன்று. இத்தொடர்களின் வரலாற்றை ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க நெறியொன்றைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையில் 'குடகு' என்பது நிலத்தையும் 'கொடவர்' என்பது கொடவ மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, 'ஒக்க' எனப்படும் தந்தைவழிக் குடும்ப அமைப்பில் வாழும் சமூகத்தையும் குறிக்கும்.

2. படைக்கலம் பறித்தலும் விட்டுவைத்தலும்

வென்ற நாட்டு மக்களின் படைக்கலங்களைப் பறிப்பது ஆங்கிலேயர்க்கு இந்தியாவில் தோன்றிய வழக்கமன்று. 1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஸ்காத்லாந்து மலைநாட்டினரின் படைக்கலங்களைப் பறிக்கவும் அவர்தம் மரபுடையைத் தடுக்கவும் 1746-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. உடைபற்றிய தடை 1782-இல் நீக்கப்பட்டது. அதே மலைநாட்டினர் பின்னர்ப் பிரித்தானியப் படையின் புகழ்பெற்ற பிரிவினராயினர். ஒரு மக்கட்பிரிவு 'கலகக்காரர்' என்ற பெயரிலிருந்து 'போர்க்குடி' என்ற பெயருக்கு மாறுவது ஆட்சியாளரின் தேவையைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதன் முதற்பாதி மட்டுமே. பாளையக்காரர் போர்கள் முடிவுற்றபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. ஊர்க்காவலைத் தம் குலத்தொழிலாகக் கொண்டிருந்த மறவர் முதலியோர் தம் படைக்கலங்களையும், காவல் உரிமையின் பழைய நிலையையும் இழந்தனர். இவர்கள் கொடவரினும் போர்ப்பழக்கம் குறைந்தவர் அல்லர். ஆயின் கம்பெனியை எதிர்த்து நின்றவர். அல்லது எதிர்த்தவரின் நாட்டில் வாழ்ந்தவர். விலக்குக்கு அடிப்படை வீரமன்று, அரசியல் உறவே என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.

குடகில் உறவு வேறுவகையாக அமைந்தது. 1834-இல் ஹாலேரி மரபின் இறுதி அரசர் சிக்க வீரராசேந்திரர் அரசிழந்தார். 1837-இல் கலியாணசாமி என்பார் பெயரால் எழுந்த கிளர்ச்சி, கீழ்நாட்டுச் சுள்ளியப் பகுதியிலிருந்து மங்களூர் வரை பரவியது. அதனை அடக்குவதில் குடகின் திவான்கள் தலைமையில் கொடவர் பலர் ஆங்கிலேயர்க்குத் துணைநின்றனர். அவர்களுக்குப் பரிசுகளும் தனியாகப் பொறிக்கப்பெற்ற பதக்கங்களும் வழங்கப்பட்டன. இருபது ஆண்டுகள் கழித்து வட இந்தியாவில் 1857-ஆம் ஆண்டு எழுச்சி நிகழ்ந்தபொழுது, குடகின் இந்தப் பழைய கணக்கு ஆட்சியாளரின் நினைவில் இருந்தது.

3. 1861-ஆம் ஆண்டு அறிவிப்பு

எழுச்சிக்குப்பின் படைக்கலங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் 1860-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டம் மக்கள் வழக்கில் 'படைக்கலப் பறிப்புச் சட்டம்' எனப் பெயர் பெற்றது. அப்பொழுது மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்தவர் மார்க் கப்பன். 1834 முதல் அப்பதவி வகித்த அவர், பணியினின்று விலகும் காலத்தில், 1861 பிப்ரவரியில், மேற்கூறிய சட்டம் குடகு மக்களுக்குப் பொருந்தாது என அறிவித்தார். பற்றுறுதியும் வீரமும் உடையவர் என்பதும், அரசுக்கு முன்னர் உதவியவர் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

மொழியியலார் நோக்கில் இவ்வறிவிப்பில் கருதத்தக்கது மக்களைச் சுட்டும் சொல்லாகும். கப்பன் அவர்களைச் சிறியதொரு 'நேஷன்' என்றும், குடகின் 'பீப்பிள்' என்றும் சுட்டுகிறார். 'ரேஸ்' என்னும் சொல் அங்கே ஆளப்பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆங்கிலத்தில் 'நேஷன்' என்பது இன்றைய 'தேசம்' என்னும் பொருளைக் குறித்தே தீரவேண்டும் என்பதில்லை. தனி மொழியும் வழக்கமும் உடைய ஒரு மக்கட்கூட்டம் என்னும் அளவில் அது வழங்கியது. எனவே முதல் அறிவிப்பின்படி விலக்கு ஒரு நாட்டு மக்களுக்குரியது. அந்நாட்டில் வாழும் எக்குடியினர் அதில் அடங்குவர், எவர் அடங்கார் என்பதை அச்சொல் வரையறுக்கவில்லை.

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியப் படைக்கலச் சட்டம் வந்தது. சட்டமும் அதன் விதிகளும் நாடு முழுமைக்கும் உரிமமுறையை உறுதிசெய்தன. உடன் விலக்குப் பெறுவோர் பட்டியலும் வளர்ந்தது. ஐரோப்பியர்க்கு அளிக்கப்பட்ட விலக்கு இந்தியரின் பெருங்குறையாயிற்று. காங்கிரசு மாநாடுகளில் அது மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டது. இப்பட்டியலில் குடகுக்குரிய பகுதி மேற்சுட்டிய இரு தொடர்களாக உருவெடுத்தது. 'நேஷன்' மறைந்து 'ரேஸ்' வந்தது. அதனோடு நிலவுரிமை பற்றிய தொடரும் சேர்ந்தது. ஒரு நாட்டு மக்களைப் பற்றிய பாராட்டுரை, இரண்டு தகுதிகளைக் கொண்ட சட்டத்தொடராக மாறிய வரலாறு இது. இம்மாற்றம் நிகழ்ந்த காலம் மக்கட்கணக்கெடுப்பு அதிகாரிகளும் படைச்சேர்க்கை அதிகாரிகளும் இந்திய மக்களை 'ரேஸ்' என்ற தலைப்பின்கீழ் வகைப்படுத்திய காலம் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

தங்கவயலிலும் இதன் எதிரொலி உண்டு. அங்கே ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் கொண்ட தொண்டர்படை ஒன்று இருந்தது; 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழமைந்த இந்தியத் துணைப்படையில் அது 'கோலார் தங்கவயல் பட்டாளம்' எனப் பெயர் பெற்றது. அதே ஊரின் தமிழ்த் தொழிலாளர் நிலத்தடியில் நாள்தோறும் வெடிமருந்தைக் கையாண்டு பாறை உடைத்தனர். பாறையைப் பிளக்கும் மருந்து அவர்கள் கையில் இருந்தது. துப்பாக்கி மேலதிகாரிகள் கையில் இருந்தது. எவர் படைக்கலம் தாங்கலாம் என்பதைப் பழக்கமோ திறமையோ முடிவு செய்யவில்லை. பிறப்பு பற்றிய வகைப்பாடே முடிவு செய்தது.

4. 'ரேஸ்' என்னும் சொல்

இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, அரசு பாகுபாடு காட்டலாகாத அடிப்படைகளாக மதம், ரேஸ், சாதி, பால், பிறப்பிடம் என ஐந்தினை எண்ணுகிறது. சாதியும் பிறப்பிடமும் தனித்தனியே கூறப்பட்டமையால், 'ரேஸ்' அவ்விரண்டினின்றும் வேறுபட்ட பொருளுடையது என்பது தெளிவு. இந்தியிலும் கன்னடத்திலும் இதற்கு 'மூலவம்சம்' என்னும் பொருள்படும் சொல் ஆளப்படுகிறது. அது வழித்தோன்றலை வெளிப்படையாகக் காட்டுவது. தமிழில் 'இனம்' என்பது நிலைபெற்றுள்ளது. இச்சொல் விரிந்த பொருளுடையது. மொழியினம், உறவினம், பிற்பட்ட இனம், பறவையினம், பெயரினம் எனப் பலவற்றிற்கும் அது பொருந்தும். 'தமிழினம்' என்னும்பொழுது மொழியே அடிப்படை. ஆகவே 'குடகு இனத்தவர்' என்று படிக்கும் தமிழர், கொடவ மொழி பேசுவோர் அனைவரையும் குறிப்பதாகக் கொள்வர்.

இது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி கொடவ மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 1,13,857 பேர். குடகு மாவட்டத்தின் மக்கள்தொகை 5,54,519. மாவட்டத்தில் வாழ்வோருள் பெரும்பாலோர் கன்னடம், மலையாளம், துளு, தமிழ் முதலிய பிற மொழியினர். கொடவ மொழி பேசுவோரும் கொடவ சமூகத்தினர் மட்டும் அல்லர்; அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுகுடிகள் பல குடகில் உள்ளன. நிலத்தால் குடகர், மொழியால் குடகர், குலத்தால் கொடவர் என மூன்று வட்டங்கள் ஒன்றனுள் ஒன்றாகவும் ஒன்றையொன்று வெட்டியும் அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் 'கூர்க்' என்னும் ஒரே சொல் இம்மூன்றையும் சுட்டுகிறது. ஊரின் பெயரே மக்கள் பெயராகவும் வழங்குவதால் தோன்றும் மயக்கம் இது.

'சாதி' என்று பெயர்ப்பதும் பொருந்தாது. அது அரசியலமைப்பு வேறாக எண்ணிய மற்றோர் அடிப்படையை அறிவிக்கைக்குள் நுழைப்பதாகும். 'குலம்' என்பது குடகுச் சூழலில் ஒக்கத்தோடு மயங்கும். கொடவ மொழியின் 'ஒக்க', தமிழில் உறவினரைக் குறிக்கும் 'ஒக்கல்' என்னும் பழஞ்சொல்லோடும், கன்னட 'ஒக்கல்' என்பதோடும் தொடர்புடையது. ஒவ்வொரு கொடவரும் ஓர் ஒக்கத்தின் பெயரால் அறியப்படுகிறார். மை. ந. சீனிவாசு 1952-இல் வெளியிட்ட கொடவர் பற்றிய ஆய்வு, இவ்வமைப்பே அவர்தம் சமய வாழ்வுக்கும் சமூக வாழ்வுக்கும் அச்சாணி என்பதை விளக்கிற்று. ஒக்கம் தந்தைவழி எண்ணப்படுவது. அவ்வாறாயின், 'ரேஸ்' என்பதையும் தந்தைவழியிலேயே கணிப்பதா, தாய்வழிப் பிறப்பும் தகுதி தருமா என்னும் வினா எழும். ஆங்கிலத் தொடரில் இதற்கு விடையில்லை. 'குலம்' என்று பெயர்ப்பவர் தம்மை அறியாமலே தந்தைவழி என்னும் விடையைத் தந்துவிடுகிறார்.

5. 'ஜம்ம' என்னும் சொல்

இரண்டாம் தொடர் நிலத்தைப் பற்றியது. 'ஜம்ம' என்பது வடமொழி 'ஜன்ம' என்பதன் திரிபு. மலையாள நாட்டு 'ஜன்மம்', 'ஜன்மி' என்னும் நிலவுரிமைச் சொற்களோடு உறவுடையது. குடகில் அது, படைப்பணி முதலிய ஊழியங்களுக்கு ஈடாகக் குறைந்த வரியில் வழிவழியாக நுகரப்பெறும் நிலவுரிமையைக் குறித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பொதுவான 'சாகு' நிலத்துக்கு நூறு பட்டிக்குப் பத்து ரூபாய் வரியாயின், ஜம்ம நிலத்துக்கு ஐந்து ரூபாயே வரி. வரியின் மறுபாதி உழைப்பாகச் செலுத்தப்பட்டது எனலாம். மடிக்கேரியில் கருவூலத்தையும் சிறையையும் காவல்புரிதல் போன்ற கடமைகள் ஜம்மக் குடிகளுக்கு இருந்தன. படைக்கலம் தாங்கும் கடமையுடையவர்க்குப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் இருத்தல் வேண்டும் என்பது இத்தொடரின் உட்கிடை.

ஜம்ம நிலம் கொடவர்க்கு மட்டும் உரியதன்று. அரெபாஷெ என்னும் கன்னட வழக்கைப் பேசும் குடகு கவுடர் முதலிய பிற சமூகத்தினருள்ளும் ஜம்ம உரிமையுடையோர் உள்ளனர். 1837-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இன்று தம் விடுதலைப் போராட்டமாகப் போற்றுவோர் கவுடர் என்பது குறிக்கத்தக்கது. கிளர்ச்சியை அடக்கியவர்க்கு முதல் தொடர் வழிவிட்டது. கிளர்ந்தவரின் வழிவந்தோருள் ஜம்ம நிலம் உடையவர்க்கு இரண்டாம் தொடர் வழிவிட்டது. விலக்கு ஒரு சமூகத்தின் தனியுடைமை எனச் சொல்லப்படும்பொழுதெல்லாம் இந்த இரண்டாம் தொடர் மறக்கப்படுகிறது.

தமிழில் இதற்கு இணைச்சொல் தேடுவோர் 'காணியாட்சி' என்பதை எண்ணக்கூடும். வழிவழி உரிமை என்னும் கூறு அதில் உண்டு. ஊழியம் என்னும் கூறு இல்லை. 'உம்பளம்' என்பதில் ஊழியத்துக்கு ஈடான மானியம் என்னும் பொருள் உண்டு. ஆயின் குடகு வருவாய் ஆவணங்களில் 'உம்பளி' என்றே வேறொரு நிலவகை தனியாக உள்ளது. ஜம்மத்தை உம்பளம் எனப் பெயர்த்தால் இருவேறு நிலவகைகள் ஒன்றாகிவிடும். விலக்கு இல்லாதவர்க்கும் விலக்கு உண்டு எனப் பொருள்படும். 'ஜென்ம நிலம்' என்பதோ தமிழில் 'பிறந்த மண்' என்ற உணர்வையே தரும். எனவே 'ஜம்ம' என்பதை அவ்வாறே ஒலிபெயர்த்து, முதன்முறை வரும் இடத்தில் விளக்கம் சேர்ப்பதே தக்கது.

தொடரமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. கூர்க்கில் உள்ளது நிலவுரிமையா, அதனை உடையவரா என்பதை ஆங்கிலத் தொடர் தெளிவாக்கவில்லை. குடகில் ஜம்ம நிலம் வைத்துப் பெங்களூரில் வாழ்பவர்க்கு இது வெறும் இலக்கண வினா அன்று. 'குடகிலுள்ள ஜம்ம நிலவுரிமையாளர்' என்னும் தமிழ்த் தொடரில் பெயரெச்சம் 'நிலவுரிமை' என்பதனோடும் 'உரிமையாளர்' என்பதனோடும் இயைய இடமுண்டு. மூலத்தின் இருபொருள் நிலை அப்படியே காக்கப்படுகிறது. 'குடகில் வாழும்' என மாற்றினால் மொழிபெயர்ப்பாளர் சட்டம் இயற்றியவராகிறார். மேலும் ஜம்ம நிலம் மரபுப்படி ஒக்கத்தின் கூட்டுரிமை. அறிவிக்கையோ 'ஒவ்வொருவரும்' எனத் தனியாளைப் பேசுகிறது. கூட்டுரிமை மரபும் தனியாள் சட்டமும் சந்திக்கும் இடம் இது.

6. துப்பாக்கியின் பெயர்களும் வழக்காறும்

தமிழ்த் 'துப்பாக்கி' துருக்கிய மூலத்திலிருந்து வந்தது எனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி காட்டுகிறது. மலையாளத்தில் 'தோக்கு', கொடவ மொழியில் 'தோக்'. கன்னடத்தில் 'துபாகி', 'பந்தூகு' என்பவற்றோடு 'கோவி' என்பதும் வழங்குகிறது. குடகுச் செய்திகளில் பெருவழக்காக உள்ளது 'கோவி' என்பதே. வெடிமருந்தைக் குறிக்கத் தமிழ் 'மருந்து', கன்னடம் 'மத்து', தெலுங்கு 'மந்து' எனத் திராவிட மொழிகள் நோய்தீர்க்கும் மருந்தின் பெயரையே பயன்படுத்துவது ஒப்புநோக்கத்தக்கது. கருவி புதிதாக வந்தபொழுது அதன் பெயரும் உடன்வந்தது. அதனுள் இடும் பொருளுக்கோ உள்நாட்டுச் சொல்லே போதியதாயிற்று.

கொடவர் வாழ்வில் துப்பாக்கி சடங்குப் பொருளாக இடம்பெற்றுள்ளது. ஆண்குழந்தை பிறந்தால் ஒருமுறையும், இறப்பை அறிவிக்க இருமுறையும் வானோக்கிச் சுடுவது மரபு. புத்தரி என்னும் அறுவடை விழாவில் முதற்கதிர் அரியப்படும்பொழுது வேட்டொலி எழுப்பப்படும். நாற்று நடவு முடிந்தபின் செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கைல்போது விழாவில் படைக்கலங்களைத் துலக்கி வைத்து வழிபடுவர். பின்னர்த் தேங்காயை இலக்காக வைத்துச் சுடும் போட்டி நிகழும்.

அவ்விழாவில் துப்பாக்கிக்குச் சூட்டப்படும் மலரின் பெயர் 'தோக்பூ', அதாவது துப்பாக்கிப் பூ. அது வேறொன்றுமன்று, தமிழர் செங்காந்தள் என்றும் கார்த்திகைப்பூ என்றும் வழங்குவதும், தமிழ்நாட்டின் மாநில மலராக உள்ளதும் ஆன பூவே. சங்கப் புலவர் அதனை மகளிர் விரலுக்கு உவமித்தனர். அதன் கிழங்கைத் தமிழ் மருத்துவர் கலப்பைக் கிழங்கு என்றனர். ஒரே கொடி ஒரு மொழியில் விரலையும் ஏரையும், அண்டை மொழியில் துப்பாக்கியையும் நினைவூட்டுகிறது. துருக்கிய மூலத்தினதான ஒரு சொல், காட்டு மலரொன்றின் பெயராகும் அளவுக்கு ஊன்றியிருப்பது, அக்கருவி அம்மக்கள் வாழ்வில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு மொழிவழிச் சான்றாகும்.

எனினும் ஓர் எச்சரிக்கை இங்குத் தேவை. வழக்காறு பழமையானது என்பதால் சட்டவிலக்கும் அவ்வழக்காற்றின் பொருட்டே வழங்கப்பட்டது எனல் ஆகாது. 1861-ஆம் ஆண்டின் அறிவிப்பு விழாவையும் சடங்கையும் காரணமாகக் காட்டவில்லை. பற்றுறுதியையும் உதவியையுமே காட்டிற்று. அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு சீக்கியர் கிர்பான் தாங்குவதைச் சமய உரிமையின் பகுதியாக ஏற்கிறது. கொடவர் விலக்கு அத்தகையதன்று; அது நிர்வாக அறிவிக்கையால் வந்து, அறிவிக்கையால் நீடிப்பது. ஒன்று சமயத்தின் பெயராலும் மற்றொன்று பிறப்பு, நில உரிமை ஆகியவற்றின் பெயராலும் வழங்குவதால், இரண்டையும் 'மரபுரிமை' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது மயக்கம் தரும்.

7. விடுதலைக்குப்பின்

1950 முதல் தனி மாநிலமாக இருந்த குடகு 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் வந்து 1962-இல் நடைமுறையாயிற்று. அதன் 41-ஆம் பிரிவு, பொதுநலன் கருதி எவரையும் அல்லது எவ்வகையினரையும் விலக்க மைய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்பிரிவின் கீழ் 1963-இல் வந்த அறிவிக்கையில் பழைய இரு தொடர்களும் இடம்பெற்றன. ஐரோப்பியரின் சிறப்புரிமை மறைந்தது. குடகின் உரிமை நிலைத்தது. இந்தியர் முதன்முதலாக 1949-இல் படைத்தலைமை ஏற்றபொழுது அப்பதவிக்கு வந்த கரியப்பாவும், 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைவராக இருந்த திம்மையாவும் கொடவர் என்பதை நோக்க, அக்காலத்தில் இவ்விலக்கை எவரும் பெரிதாக வினவாமைக்குக் காரணம் விளங்கும்.

வினா பின்னர் எழுந்தது. குடகைச் சேர்ந்த முன்னாள் படை அதிகாரி ஒருவர், பிறப்பையும் நிலவுடைமையையும் கொண்டு குடிமக்களைப் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறானது எனக் கருநாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இதனிடையே மைய அரசு 2019 அக்டோபர் 29 அன்று புதிய அறிவிக்கை வெளியிட்டு, விலக்கை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதனைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கொடவர் போர்மரபினர் என்பதும், அவர்களும் ஜம்ம நிலமுடையோரும் விடுதலைக்கு முன்பிருந்தே இவ்விலக்கை நுகர்ந்து வருகின்றனர் என்பதும், விலக்கு காலவரம்புக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது என்பதும் தீர்ப்பின் அடிப்படைகள்.

வழக்கின் இருபுறமும் மெய்யான இழப்பு உண்டு. விலக்கு நீங்கின், பிறப்பிலும் இறப்பிலும் ஒலிக்கும் வேட்டு உரிமம் வழங்கும் அதிகாரியின் விருப்பத்துக்கு உட்படும். விலக்கு நீடிப்பின், அதே மலையில் பிறந்து அதே படையில் பணியாற்றிய அண்டைவீட்டார், ஜம்ம நிலமும் கொடவப் பிறப்பும் இன்மையால் உரிமத்துக்கு விண்ணப்பித்து நிற்க வேண்டும். எது முறை என்பதைக் கூறுதல் மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. ஆயின் இவ்விருவரும் தத்தம் நிலையை உள்ளவாறு அறிய வேண்டுமானால், அறிவிக்கையின் சொற்கள் அவர்தம் மொழியில் கூடுதலும் குறைவுமின்றிக் கிடைத்தல் வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவது, குடகின் படைக்கல விலக்கு தொன்மை வழக்காற்றின் நேர்விளைவு அன்று. 1837-க்கும் 1861-க்கும் இடைப்பட்ட அரசியல் உறவின் விளைவு. இரண்டாவது, விலக்குப் பெறுவோரைச் சுட்டும் சொல் 'நேஷன்' என்பதிலிருந்து 'ரேஸ்' என மாறியபொழுது அதன் அடிப்படை நாட்டிலிருந்து பிறப்புக்கு நகர்ந்தது. மூன்றாவது, ஜம்மம் பற்றிய தொடர் அவ்வட்டத்தைப் பிற சமூகத்தினர்க்கும் விரித்தது.

மொழிபெயர்ப்பில் 'குடகு மரபினர் ஒவ்வொருவரும்', 'குடகிலுள்ள ஜம்ம நிலவுரிமையாளர் ஒவ்வொருவரும்' என்னும் தொடர்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. 'மரபினர்' என்பது வழித்தோன்றலைக் காட்டும். சாதி, மொழி என்னும் பிற அடிப்படைகளைப் புகுத்தாது. தந்தைவழி, தாய்வழி என்னும் வினாவையும் முன்கூட்டி முடிக்காது. 'குடகு' என்னும் அடை, 'கூர்க்' என்பதைப் போலவே நிலத்தையும் மக்களையும் ஒருங்கே சுட்டி நிற்கும். சட்டம் தெளிவாகச் சொன்னதைத் தெளிவாகவும், சொல்லாது விட்டதைச் சொல்லாமலும் பெயர்ப்பதே நேர்மை.

இப்போதைய அறிவிக்கை 2029 அக்டோபருடன் முடிவுறும். அதற்குமுன் மீண்டும் ஒருமுறை சொற்கள் தேர்ந்தெடுக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வகைப்பாட்டுச் சொல் அப்பொழுதும் தொடருமா, புதியதொரு சொல் வருமா என்பது ஆட்சியாளரும் நீதிமன்றமும் முடிவு செய்யவேண்டியது. அச்சொல் கன்னடத்திலும் கொடவத்திலும் தமிழிலும் எப்பொருள் தரும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து வைப்பது நம் துறையினரின் கடமையாகும்.